போடிமெட்டு ஏற ஆக்ஸ் லைட் வாங்குகிறீர்களா?

தேனிப் பக்கமிருந்து கேரளத்துக்கு மலையேற முக்கியமான வழி மூன்று. போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிப் போடிமெட்டு. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு. கூடலூர், லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி. இவை போக, பள்ளத்தாக்கின் மறுபக்கம் சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையில் பூப்பெயர் சூட்டிய 18 வளைவுகள். சனி, ஞாயிறு ஆனால் மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் டூரிங் பைக்குகள் இந்தச் சாலைகளுக்கு வந்துவிடுகின்றன. பாதிக்கு மேல் கிராஷ் கார்டில் இரண்டு ஆக்ஸ் லைட். ஹேண்டில்பார் நுனியில் உள்ளங்கை அகலத்தில் வட்டக் கண்ணாடி. கடைக்காரர் சொன்னது, நண்பர் சொன்னது, வீடியோவில் பார்த்தது என்று இந்த இரண்டைப் பற்றியும் உலவும் நம்பிக்கைகள் ஏராளம். அவற்றில் அடிக்கடி காதில் விழுகிறவற்றை மட்டும் பார்ப்போம்.

"வெளிச்சம் கூடக் கூட ஆபத்து குறையும்"

நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலையில் இது ஓரளவு செல்லும். மலைச்சாலையில் செல்லாது. இங்கே எதிரே வரும் ஜீப்புக்கும் உங்கள் ஹேண்டிலுக்கும் நடுவே சில சமயம் ஒரு முழம்தான் இடைவெளி. ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் மேலே போகிற ஜீப்புகள் பொழுது சாயும்போது இறங்குகின்றன. அந்த டிரைவரின் கண்ணில் உங்கள் விளக்கு நேராக அடித்தால், பார்வை சீராக அவருக்குச் சில விநாடிகள் வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர். மூன்று விநாடிக்கு 33 மீட்டர். அவ்வளவு தூரமும் அவர் குத்துமதிப்பாகத்தான் ஓட்டுகிறார். அந்தத் தூரத்துக்குள் இருப்பது நீங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் லூமென் கணக்கை வைத்து விளக்கு வாங்குவதில் இதுதான் சிக்கல். லூமென் என்பது விளக்கு மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் கக்குகிறது என்பதற்கான அளவு. அது சாலையில் விழுகிறதா, மரத்தில் விழுகிறதா, எதிராளி முகத்தில் விழுகிறதா என்பதை லூமென் சொல்லாது. லென்ஸின் வடிவமும் பொருத்திய கோணமும்தான் சொல்லும்.

கோணத்தில் பலரும் கவனிக்காத ஒன்று சுமை. வீட்டு வாசலில் காலி வண்டியில் விளக்கைச் சரிசெய்துவிட்டு, கிளம்பும் அன்று இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் ஓர் ஆள், அவர் முதுகில் ஒரு பை என்று ஏற்றுகிறோம். பின் சஸ்பென்ஷன் அமுங்குகிறது, மூக்கு நிமிர்கிறது. சக்கரங்களுக்கிடையே 1.4 மீட்டர் உள்ள வண்டியில் பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால், 25 மீட்டர் தள்ளி ஒளிக்கற்றை கிட்டத்தட்ட 90 செ.மீ. மேலே ஏறிவிடும். ஒழுங்காக வைத்த விளக்கும் கார்க்காரர் முகத்துக்குப் போய்விடும் என்று அர்த்தம். ஆகவே முழுச் சுமையோடு, பின்னால் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். விளக்கின் நடுமட்டத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 5 செ.மீ. கீழே நிற்கும்படி இறக்குங்கள். பின் சஸ்பென்ஷனில் பிரீலோடு கூட்டும் வசதி இருந்தால், முதலில் அதைக் கூட்டிவிட்டு அப்புறம் விளக்குக்கு வாருங்கள்.

ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியனிடம் வற்புறுத்திக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. தூரத்துக்கு அடிக்கும் ஸ்பாட் வகை விளக்கு, ஹை பீம் போட்டால் மட்டும் எரிய வேண்டும். டிம் செய்தால் தானாக அணைய வேண்டும். தனி சுவிட்ச் வைத்துக் கொடுப்பது அவருக்கு எளிது. ஆனால் வளைவில் திடீரென்று பஸ் வரும்போது இடது கட்டைவிரலுக்கு நேரம் ஒரே ஒரு சுவிட்சுக்குத்தான் இருக்கும்.

"லைட் அடித்தால் வழி விடுவார்கள்"

விடலாம், விடாமலும் போகலாம். இரண்டு வண்டிக்கு இடமில்லாத மலைச்சாலையில் இறங்கி வருபவர்தான் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. எத்தனை விளக்கு வைத்திருந்தாலும் இறங்கும்போது நிற்க வேண்டியவர் நீங்கள்.

"மஞ்சள் வெளிச்சம் பனியைத் துளைக்கும்"

இந்த நம்பிக்கைக்கு வயது அதிகம். பிரான்ஸ் நாட்டில் கார்களின் முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் 1993 வரை இருந்தது. போடிமெட்டிலும் மேகமலையிலும் மேகம் சாலையில் இறங்கும்போது மஞ்சள் விளக்குக்காரர் ஒரு தெம்போடு போவதைப் பார்க்கலாம்.

நீல ஒளி அதிகம் சிதறும், மஞ்சள் குறைவாகச் சிதறும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. காற்றின் மூலக்கூறுகளைப் பொறுத்தவரை அது சரி. வானம் நீலமாகத் தெரிவதும் அதனால்தான். ஆனால் மூடுபனி நீர்த்துளிகளால் ஆனது. ஒரு துளியின் குறுக்களவு பெரும்பாலும் 5 மைக்ரானிலிருந்து சில பத்து மைக்ரான் வரை. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ 0.4 முதல் 0.7 மைக்ரான். துளி அவ்வளவு பெரியதாக இருக்கையில் எல்லா நிறமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் சிதறும். பனி வெள்ளையாகத் தெரிவதே அதற்குச் சாட்சி.

மஞ்சளால் பயனே இல்லையா என்றால், நீலம் கலந்த வெள்ளையைவிட அது கண்ணுக்குக் கூச்சம் குறைவாக இருக்கிறது என்று பலர் உணர்கிறார்கள். அந்த அளவுக்குச் சரி. பனியில் உண்மையாக வேலை செய்வது இரண்டு: விளக்கு தாழ்வாக இருப்பதும், வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்பதும். கண்ணுக்கும் விளக்குக்கும் உயர வித்தியாசம் கூடினால், நம் கண் முன்னாலுள்ள பனி ஒளி வாங்கித் திரும்ப நம் கண்ணிலேயே அடிப்பது குறையும். ஹெட்லைட்டுக்கு அருகில், வைசர் உயரத்தில், விளிம்பில்லாத ஸ்பாட் விளக்கைப் போட்டால் எந்த நிறமானாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். பனிக்குள் ஹை பீம் போட்டாலும் அதே கதிதான்.

இன்னொன்று: மேகமலைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் சுற்றுலா வண்டிகளை வனத்துறை சோதனைச் சாவடியில் விடுவதில்லை. 2021 முதல் அது புலிகள் காப்பகம். இரவில் மேகமலை ஏறுவதற்கென்று விளக்கு வாங்குபவர்கள் அந்தப் பணத்தில் டயர் மாற்றிக்கொள்ளலாம்.

"ஸ்பாட் லைட் இருந்தால் கொண்டை ஊசியிலும் கவலையில்லை"

கொண்டை ஊசியில் ஸ்பாட் காட்டுவது எதிரே உள்ள பாறையையோ, பாறை இல்லாத பக்கம் ஆகாயத்தையோதான். நீங்கள் போக வேண்டிய சாலை உங்கள் தோளுக்குப் பக்கத்தில் இருட்டில் கிடக்கும். போதாக்குறைக்கு, பைக் சாயும்போது ஒளிக்கற்றையும் சேர்ந்து சாய்ந்து வளைவின் உள்பக்கத்தில் தூரம் குறைந்துவிடும். இங்கே உதவுவது அகலமாகப் பரவும் ஃபிளட் வகை. வலது விளக்கைச் சற்று வலப்பக்கமும் இடது விளக்கைச் சற்று இடப்பக்கமும் திருப்பித் தாழ்த்தி வைப்பது. தூரம் குறையும். கொண்டை ஊசியில் யாருக்கு வேண்டும் தூரம்?

"எல்இடி தானே, பேட்டரியை ஒன்றும் செய்யாது"

ஒரு விளக்கு 40 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து 80. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 6.7 ஆம்பியர். பழைய ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பே 55 அல்லது 60 வாட்தான். எல்இடி சிக்கனமானது என்பது அதே வெளிச்சத்துக்கு. வெளிச்சத்தை நான்கு மடங்கு கேட்டால் சிக்கனம் எங்கிருந்து வரும்?

பெரிய டூரிங் வண்டிகளின் சார்ஜிங் இதைத் தாங்கும், எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்வரை. ஐடிலில் உற்பத்தி குறைந்துவிடும். சபரிமலை சீசனில் கூட்டம் பெருகும்போது வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகப் போகவிட்டு, குமுளி வழியாகத் திரும்பவிடும் ஒருவழிப் பாதை ஏற்பாடு வரும். அப்போதும் மலையில் ஊர்ந்து ஊர்ந்து நிற்கத்தான் வேண்டியிருக்கும். எல்லா விளக்கையும் போட்டு ஐடிலில் வைத்து, பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது.

ரிலே கட்டாயம். 6 ஆம்பியரை ஹேண்டில் சுவிட்ச் வழியே நேராக இழுத்தால் அதன் பிளாஸ்டிக் உருகும் நாள் தூரத்தில் இல்லை. ஃப்யூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் வைத்தால், நடுவில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது அது வேடிக்கைதான் பார்க்கும்.

"கண்ணாடியில் தூரமாகத் தெரிகிறது, ஒடிக்கலாம்"

இதுதான் எனக்கு அதிகம் பயம் தரும் நம்பிக்கை. பைக் கண்ணாடி குவிந்தது. அகலமாகக் காட்டுவதற்காக எல்லாவற்றையும் சுருக்கிக் காட்டுகிறது. வளைவு ஆரம் 1.2 மீட்டர் உள்ள கண்ணாடியை 60 செ.மீ. தள்ளியிருந்து பார்த்தால், 20 மீட்டர் பின்னால் வரும் பஸ், சமதளக் கண்ணாடியில் தெரிவதில் பாதி அளவுதான் தெரியும். கண் அதை 40 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஆரம் இன்னும் குறைந்த, நன்றாக உப்பிய மலிவுக் கண்ணாடியில் மூன்றில் ஒரு பங்கு; 60 மீட்டர் தள்ளி வருவதுபோல இருக்கும். பைக் கண்ணாடிக்கான ஐ.நா. விதிமுறை 81, ஆரம் 1 முதல் 1.5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வட்டக் கண்ணாடிக்குக் குறுக்களவு 94 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது. வாங்கும்முன் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். அழகாக விற்கும் பல வட்டங்கள் அங்கேயே தோற்றுவிடும்.

ஹேண்டில் நுனியில் மாட்டும் கண்ணாடியில் நம் முழங்கை மறைக்காது என்பது உண்மை. வண்டியின் அகலம் இரண்டு பக்கமும் கூடுகிறது என்பதும் உண்மை. உத்தமபாளையம் கடைவீதி நெரிசலிலும் பஸ்ஸுக்கும் பாறைக்கும் இடையிலும் எந்த உண்மை முக்கியம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி அதிர்ந்து மங்கினால் இன்னும் இறுக்குவது வழக்கம். அதிர்வு எஞ்சினிலிருந்து வருகிறது; தண்டு நீளமும் தலையின் எடையும்தான் எந்த வேகத்தில் மங்கும் என்பதைத் தீர்மானிக்கும். தண்டைக் குட்டையாக்குங்கள், அல்லது ஹேண்டில் நுனியில் கனமான எடையைப் போடுங்கள். அதற்கு மேல் இறுக்கினால் உடைவது பிரேக் லீவர் பிடிமானம். யமஹா வண்டிகளில் வலப்பக்கக் கண்ணாடிக்கு மரை இடப்புரி என்பதையும் மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் வழக்கமான திசையில் திருகினால் கழற்ற வந்தவர் இறுக்கிக்கொண்டே போவார்.

"கடையில் விற்கிறார்கள், அதனால் சட்டப்படி சரிதான்"

விற்பது வேறு, சாலையில் போடுவது வேறு. முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைக்கக் கூடாது, சிறப்புக் காரணமிருந்தால் பதிவு அலுவலரின் ஒப்புதலோடு மட்டுமே வைக்கலாம் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111ஆம் விதி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மெட்டுத் தாண்டிவிட்டால் வேறு சட்டம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு பக்கமும் செல்வது இதே மத்தியச் சட்டம்தான். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை உரிமையாளர் மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் கேரளத்திலிருந்து போன வழக்கில்தான்.

விளக்கு கண்ணைக் கூசுகிறதா என்பதற்கும் 106ஆம் விதியில் அளவு உண்டு. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணுக்குக் கூச்சம் வரக் கூடாது. வீட்டில் ஒருவரை வண்டியில் உட்காரவைத்து, டேப் பிடித்து அந்த இடத்தில் நீங்களே போய் நின்று பார்க்கலாம். பெட்டிகளை மாட்டிய பிறகு பாருங்கள்.