புல்லட்டில் பாரம் கட்டுவது எப்படி?

கேள்வி: புல்லட்டில் தனியாகக் கொல்லிமலை போகிறேன். பின்சீட்டில் கூடாரமும் பெரிய பையும் உண்டு. ஆடாமல் எப்படிக் கட்டுவது?
– வாசகர், பாகூர்

பதில்: கட்டுவதற்கு முன் எடையைப் பிரியுங்கள். டூல்ஸ், தண்ணீர் போன்ற கனமானவை இருபக்கப் பைகளில் சமமாக, கீழே போகட்டும். லேசான கூடாரம் சீட்டின் மேல் குறுக்காக, உங்கள் முதுகை ஒட்டி இருக்கட்டும். பின்கேரியரின் கடைசியில் பாரம் ஏறினால் முன்சக்கரம் லேசாகிவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலையில் அது ஆபத்து.

நம் ஊரில் கைக்குக் கிடைப்பது சைக்கிள் ட்யூபும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறும்தான். இரண்டும் இழுபடும், பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது பாரமும் குதிக்கும். அதனால் பக்கிள் வைத்த நைலான் பட்டைகளையே நம்புங்கள். இரண்டு பட்டைகளை, பாரத்தின் நான்கு மூலையும் பிடிக்கும்படி, கேரியரிலோ ஃப்ரேமிலோ கட்டுங்கள். இண்டிகேட்டரில் ஒருபோதும் கட்டாதீர்கள். பட்டையின் மிச்ச நுனியைச் சுருட்டி முடிச்சுப் போடுங்கள். தொங்கும் நுனி செயினில் சிக்கினால் பின்சக்கரமே பூட்டிக்கொள்ளும். சைலன்சரில் பை உரசக் கூடாது. டெயில் லைட்டும் நம்பர் பிளேட்டும் மறையக் கூடாது.

டயர் காற்று, பின் ஷாக் அப்சார்பர் இரண்டையும் வண்டிக் கையேட்டில் சொன்னபடி பாரத்துக்கேற்ப மாற்றுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசவைக்கும், அதையும் இறக்கிவையுங்கள்.

வழியில் வில்லியனூர் வந்ததும் நிறுத்தி, பட்டைகளை மறுபடி இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில் பைகள் அமுங்கிக் கட்டு தளர்ந்திருக்கும். டீக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் கையால் அசைத்துப் பாருங்கள்.