கனம் குறைந்த கூடாரம்: மலை நடைக்குப் புதியவர்களுக்குப் பத்து அறிவுரைகள்

இமயமலைப் பக்கம் நடக்கப் போகிறோம், சொந்தமாக ஒரு கூடாரம் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று தம்பி தங்கைகள் பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் முதல் கவலை எடைதான். நியாயமான கவலை. 4,000 மீட்டர் உயரத்தில் மூச்சு வாங்கும்போது முதுகில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் தெரியும். ஆனால் போகிற இடத்தில் வரக்கூடிய மிக மோசமான இரவை அந்தக் கூடாரம் தாங்க வேண்டும் என்பது எடையை விட முக்கியம். அந்த இரவைத் தாங்குபவற்றுள் எது கனம் குறைவோ அதுதான் உங்களுக்கான கூடாரம்.

1. இடத்தை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.
இமாச்சலத்தில் ஹம்ப்டா கணவாய் என்று ஒரு பாதை. குல்லு பக்கம் பச்சைப் பசேல். ஜூலை, ஆகஸ்டில் மழை கொட்டும். சுமார் 4,270 மீட்டர் கணவாயைத் தாண்டி லாஹுல் பக்கம் இறங்கினால் மழை மறைவு நிலம். வெறும் கல்லும், பனியைத் தொட்டு வரும் காற்றும்தான். ஒரே நடையில் மழைக்கும் காற்றுக்கும் கூடாரம் ஈடுகொடுக்க வேண்டும். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் மழை குறைவு, புழுதியும் இரவுக் குளிரும் அதிகம். பனி விழாத மாதங்களுக்கு ‘த்ரீ சீசன்’ கூடாரம் போதும். டிசம்பரில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகிறவர்களுக்கு, கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, விழும் பனியின் பாரத்தைத் தாங்கும் கூடாரம் தேவை.

2. அங்கே இரவு தங்க அனுமதி உண்டா என்று விசாரியுங்கள்.
உத்தராகண்டின் புக்யால் என்னும் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதற்கு அம்மாநில உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் தடை விதித்தது. அதே ஆண்டு மார்ச்சில் குரங்கணியில் நடந்த காட்டுத் தீ விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. வனத்துறை அனுமதி இல்லாமல் நம் காடுகளில் கூடாரம் அடிக்கவே கூடாது. யானையும் காட்டெருமையும் நடமாடும் இடம் அது.

3. எடையை நீங்களே நிறுத்துப் பாருங்கள்.
அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் எடையில் முளைகள், கயிறுகள், பைகள் பல நேரம் சேர்ந்திருக்காது. பெட்டி நிறுக்கும் கைத்தராசு ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் சேர்த்து நிறுங்கள். சாதாரணக் கடைக் கூடாரம் மூன்று பேருக்கு நான்கு கிலோ வரும். மலைக்கென்று தைத்த இருவர் கூடாரம் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கம்பிக்குப் பதில் நடை ஊன்றுகோலில் நிற்கும் ஒருவர் கூடாரம் ஒரு கிலோவுக்கும் கீழே. இருவர் போனால் ஒருவர் துணியையும் மற்றவர் கம்பியையும் முளையையும் சுமக்கலாம்; தலைக்கு ஒரு கிலோதான்.

4. முதல் கூடாரம் தானாக நிற்பதாக இருக்கட்டும்.
கம்பியை வளைத்துச் செருகினால் எழுந்து நிற்கும் குவிமாட வகையைப் பாறை மேல்கூட நிறுத்தலாம். காற்றுக்குக் கட்டத்தான் வேண்டும், ஆனால் பழகாத கைக்கும் அது வசப்படும். ஊன்றுகோலில் நிற்கும் வகை முழுக்க முழுக்க முளையையே நம்பியிருக்கும். கூடாரத்தை விட்டுவிட்டுப் பக்கத்துச் சிகரத்துக்குப் போய்வர நினைத்தால், கையில் ஊன்றுகோல் இருக்காது.

வெறும் தார்ப்பாய் போதும் என்பவர்கள் எம்மா கேட்வுட் பாட்டியை உதாரணம் காட்டுவார்கள். 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியாக நடந்து முடித்த அந்த அம்மையார், மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றைத்தான் கொண்டுபோனார். உண்மைதான். ஆனால் அது பெரும்பாலும் மரங்களுக்கு நடுவே போகும் பாதை. வழியில் நடைக்காரர்களுக்கென்று மரக்கொட்டகைகள் உண்டு, ஊர்க்காரர்கள் வீடுகளிலும் அவர் தங்கினார். இமயத்தில் மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டி ஏறிவிட்டால் கயிறு கட்ட ஒரு மரமும் கிடையாது.

5. துணியைத் தெரிந்து வாங்குங்கள்.
நைலான் உறுதியானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சித் தளரும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நள்ளிரவு மழையில் தொங்கும். எழுந்து கயிற்றை இழுத்துக் கட்ட வேண்டும். பாலியெஸ்டர் அவ்வளவு தளராது. டைனீமா என்ற துணி மிகவும் லேசு, தண்ணீர் குடிக்காது. விலையோ பல மடங்கு, கூரிய கல் பட்டால் ஓட்டை விழும். புதியவர்களுக்குப் பாலியெஸ்டரே போதும்.

டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். எண் குறையக் குறையத் துணி மெல்லியது. மழையைத் தடுக்கும் மேல்விரிப்புக்கு 20 டெனியர் சரி. தரைத்துணி அதைவிடக் கனமாக இருப்பது நல்லது. சிலிக்கான் பூசிய துணியில் தையல் மேல் ஒட்டும் பட்டை பிடிக்காது. அப்படிப்பட்ட கூடாரத்தின் தையலை அடைத்துத் தருகிறார்களா, நாமே சிலிக்கான் பசை தடவ வேண்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

6. உள்ளே வரும் ஈரம் மழையால் மட்டும் அல்ல.
விடியற்காலையில் மேல்விரிப்பின் உட்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும். இரவெல்லாம் நாம் விட்ட மூச்சு குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் அந்தத் துளிகள் நேரே ஸ்லீப்பிங் பேக் மேல் விழும். உள்ளே வலைத்துணி, வெளியே மேல்விரிப்பு என்று இரட்டைச் சுவர் இருந்தால் துளி வலையோடு நிற்கும். இருநூறு, முந்நூறு கிராம் கூடினாலும் புதியவர்கள் இரட்டைச் சுவரையே வாங்குங்கள். எவ்வளவு குளிரினாலும் காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள்.

அடிக்கிற இடமும் முக்கியம். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும், நீர்க்கரையில் ஈரம் அதிகம். ஓடையிலிருந்து அறுபது, எழுபது மீட்டராவது தள்ளி, கொஞ்சம் மேடான இடம் பாருங்கள். காலையில் கணுக்கால் அளவு ஓடுகிற மலையாறு, வெயிலில் பனி உருகி மாலைக்குள் முழங்காலுக்கு ஏறும். வறண்ட படுகை என்று நம்பிப் படுத்துவிடாதீர்கள்.

7. படுத்துப் பார்த்து வாங்குங்கள்.
இருவர் கூடாரம் என்றால் இரண்டு பாய் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் இடம் என்றே பொருள். கடையிலேயே விரிக்கச் சொல்லி, பாய் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கோடு படுங்கள். தலையோ காலோ சுவரில் முட்டினால் அந்த இடம் இரவில் நனையும். ஆறடி ஆளுக்குச் சாய்வான கூடாரத்தில் ஏழடி நீளமும் போதாது.

8. முளையிலும் கயிற்றிலும் சிக்கனம் வேண்டாம்.
கூடவே வரும் குச்சி முளைகள் சரளை மண்ணில் வளைந்துபோகும். ஒய் வடிவ அலுமினிய முளை ஆறு வாங்குங்கள். ஒன்று பதினைந்து கிராம்தான். முளை இறங்காத கல் தரையில் கயிற்று நுனியை ஒரு சிறு கல்லில் சுற்றிக் கட்டி, கூடாரத்துக்கும் அதற்கும் நடுவில் கயிற்றின் மேல் ஒரு பெருங்கல்லை வையுங்கள். காற்று இழுத்தால் சிறுகல் பெருங்கல்லில் முட்டி நிற்கும். புறப்படும்போது கற்களைப் பழைய இடத்திலேயே போட்டுவிடுங்கள். இழுத்து இறுக்கக்கூடிய முடிச்சு ஒன்றை இருட்டிலும் போடும் அளவுக்குப் பழகுங்கள்.

9. கூடாரத்துக்குள் அடுப்பு பற்றவைக்காதீர்கள்.
இதில் விலக்கே கிடையாது. அடைத்த கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். துணி தீப்பிடிப்பது வேறு. எத்தனை குளிரானாலும் வெளியே, காற்றோட்டமான இடத்தில் சமையுங்கள்.

10. ஈரத்தோடு மூட்டை கட்டி வைக்காதீர்கள். பழகாமல் எடுத்துப் போகாதீர்கள்.
நனைந்த கூடாரத்தைச் சுருட்டிப் பரண் மேல் போட்டால் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் பூச்சு பிசுபிசுத்து நாற்றம் அடிக்கும், பிறகு ஒழுகும். ஊர் திரும்பிய அன்றே நிழலில் விரித்துக் காயவிடுங்கள். மலை வெயிலும் நைலானை அரிக்கும். பகலில் தேவையில்லாமல் விரித்து வைக்க வேண்டாம்.

முடிந்தால் முதல் நடைக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், எது வேண்டும் என்பது அப்போது தெரியும். வாங்கியபின் ஐப்பசி மழையில் ஓர் இரவு, இடி மின்னல் இல்லாத நாளாகப் பார்த்து, மொட்டை மாடியில் அதை நிறுத்திப் படுங்கள். சிமென்ட் தரையில் முளை இறங்காது. 20 லிட்டர் தண்ணீர் கேனை நிரப்பிக் கயிற்றை அதில் கட்டுங்கள். எந்தத் தையல் ஒழுகுகிறது, எந்தக் கயிறு நழுவுகிறது என்பதெல்லாம் படியிறங்கினால் வீடு என்ற தூரத்தில் தெரியட்டும். அந்த ஓர் இரவைக் கழிக்காமல் மலைக்குக் கிளம்பாதீர்கள்.