சிறுநீரகத்தைக் காப்போம்: தண்ணிப் போத்தலும் வலிக் குளிசையும்



நம் தோட்டத்தில் தேங்காய் உரிப்பு வேலை செய்த ஒரு காக்காவை உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பெயர் வேண்டாம். இடுப்பு வலி என்று கிழமைக்கு நாலு நாள் குளிசை போடுவார். கடையில் கேட்டால் கொடுப்பார்கள். நமது முதலுதவிப் பெட்டியில் இருந்தும் எத்தனையோ தரம் எடுத்துக் கொடுத்திருக்கிறோம். கால் இரண்டும் வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கிட்னியும் பெரும்பகுதி பழுதாகிவிட்டது என்று டொக்டர் சொன்னார். பல வருஷமாக பிரஷரும் இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. இப்போது கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். கூடப் போவதற்காக மகன் படிப்பை விட்டுவிட்டான்.

குளிசை மட்டுமே காரணம் என்று டொக்டர் சொல்லவில்லை. ஆனாலும் ஒன்றும் விசாரிக்காமல் கொடுத்தது நமது பிழை. அதனால்தான் இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

சிறுநீரகம் செய்யும் வேலை

முதுகுப் பக்கம், முள்ளந்தண்டின் இரு புறமும், பொத்திய கை அளவில் இரண்டு சிறுநீரகங்கள் இருக்கின்றன. இவை ஒரு நாளைக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் கழிவோடு சலமாக வெளியே விடுகின்றன. பிரஷரைச் சமமாக வைப்பதும், இரத்தம் ஊற உதவுவதும் இவைதான். அரைவாசிக்கு மேல் பழுதானாலும் வலி காட்டாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

உழைக்கிறவர்களைத் தேடி வரும் வருத்தம்

உலகம் முழுவதும் சிறுநீரகம் பழுதாவதற்கு முதற்காரணம் சீனி வருத்தம், அடுத்தது பிரஷர். ஆனால் 1990களில் அனுராதபுரம் மாவட்டத்தில், பதவியா, மதவாச்சிப் பக்கம், இவை இரண்டும் இல்லாத விவசாயிகளுக்கும் சிறுநீரகம் பழுதாவதை டொக்டர்மார் கண்டார்கள். பிறகு கிராந்துருகோட்டையிலும், நமது அம்பாறை மாவட்டத்துத் தெஹியத்தகண்டியிலும் கண்டார்கள். நோயாளிகள் பெருகியதால் 2021-இல் பொலன்னறுவையில் சிறுநீரகத்துக்கென்றே பெரிய ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது.

இந்தியாவில் ஆந்திராவின் கரையோரத்திலுள்ள உத்தானம் பகுதியிலும் இதே கதைதான். அதுவும் நம்மைப் போலத் தென்னையும் கஜுவும் உள்ள ஊர். மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர் நாட்டு டொக்டர்மார் 2002-இல் இப்படியான நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நிக்கராகுவாவிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள் பலர் இதனால் இறந்தார்கள்.

கிருமிநாசினி, கிணற்றுத் தண்ணியின் கடினத்தன்மை, புளோரைட்டு, கடும் வெயிலில் தண்ணியில்லாமல் உழைப்பது என்று பல காரணங்கள் ஆராயப்பட்டன. எல்லா ஊருக்கும் ஒரே காரணம் என்று முடிவாகவில்லை. ஆனால் நிக்கராகுவாவில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குத் தண்ணி, நிழல், ஓய்வு மூன்றையும் கூட்டிக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. இந்த மூன்றும் நம்மால் செய்யக் கூடியவை.

கைக்கொள்ள வேண்டிய பழக்கங்கள்

1. வெயிலில் வேலை செய்யும்போது தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு தரம் ஒரு கோப்பை தண்ணி குடியுங்கள். சலம் வைக்கோல் நிறத்தில் போனால் சரி, பிளேன்ரீ நிறத்தில் போனால் தண்ணி காணாது. சோடா வகைகள் தண்ணிக்கு ஈடாகா. ஏற்கனவே சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ உள்ளவர்கள் டொக்டர் சொன்ன அளவுதான் குடிக்க வேண்டும்.

2. டைக்குளோபினாக், இபுபுரூபன் போன்ற வலிக் குளிசைகளை டொக்டரிடம் கேட்காமல் போட வேண்டாம். உடம்பில் தண்ணி குறைந்திருக்கும் நேரம் போடுவது இன்னும் மோசம். சாதாரண வலிக்குப் பனடோல் அளவோடு போடலாம். மற்றவருக்கு எழுதிய மருந்தை நாம் போடக் கூடாது.

3. பிரஷர் பாருங்கள், சீனி பாருங்கள். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் இலவசமாகப் பார்ப்பார்கள். சலத்தில் புரதம் போகிறதா, இரத்தத்தில் கிரியற்றினின் எவ்வளவு என்றும் கேட்டுச் சோதியுங்கள். பிரஷர் குளிசையை “இப்ப சுகம்தானே” என்று இடையில் நிறுத்த வேண்டாம்.

4. உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி போதும். கருவாடும் ஊறுகாயும் ஒரே நாளில் சேர்ந்தால் அந்த அளவு எப்போதோ தாண்டிவிடும். கருவாட்டை நன்றாகக் கழுவி, கறிக்கு வேறு உப்புப் போடாமல் சமைக்கலாம்.

5. சீனி குறையும் என்று காமரங்காய்ச் சாறு, பிலிங்காய்ச் சாறு குடிக்கிறவர்கள் நம்மிலும் உண்டு. இந்தச் சாற்றைக் கூடுதலாகக் குடித்துச் சிறுநீரகம் திடீரென நின்றுபோனவர்கள் நமது நாட்டிலேயே இருக்கிறார்கள். கறியில் ஒன்றிரண்டு பிலிங்காய் போடுவது வேறு, கோப்பைக் கணக்கில் சாறு குடிப்பது வேறு. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் காமரங்காயைத் தொடவே கூடாது.

6. எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத் தாக்கும். வயல் வேலைக்கும் போகிறவர்கள் பீ.எச்.ஐ. ஐயாவிடம் கேட்டால் தடுப்புக் குளிசை தருவார்கள். சேற்றில் இறங்கிய பின் காய்ச்சலும் உடம்பு உளைவும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

7. நோன்பு காலத்தில், நோன்பு திறந்ததிலிருந்து சஹர் வரை தண்ணியைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது.

நமது பக்கம் செய்ய வேண்டியது

சென்ற மாதம் பெண் தொழிலாளர்களிடம் ஏன் தண்ணி குடிப்பதில்லை என்று கேட்டோம். ஒரு ராத்தா சொன்னார்: “குடிச்சா சலம் வருமே தம்பி, எங்க போற?” நமக்குப் பதில் வரவில்லை. தண்ணி குடியுங்கள் என்று எழுதுவது லேசு. மலசலகூடம் இல்லாத இடத்தில் அது வெறும் பேச்சு. சலத்தை அடக்கி வைத்தால் கிருமி பிடித்து, அதுவும் சிறுநீரகம் வரை போகும். ஆகவே வேலைத்தளத்துக்கு அருகில் பெண்களுக்கு ஒரு மலசலகூடம் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கட்டி முடியும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம். நீங்களும் கேளுங்கள்.

முதலுதவிப் பெட்டியில் இருந்த வலிக் குளிசைகளை எடுத்துவிட்டோம். இனிமேல் பனடோல் மட்டும் இருக்கும். கோபிக்க வேண்டாம்.

வீட்டில் பேசிப் பாருங்கள்

நேற்று வேலை நேரத்தில் எத்தனை கோப்பை தண்ணி குடித்தீர்கள்?
கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்?
வீட்டு அலமாரியில் டொக்டர் தராத வலிக் குளிசை இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு “ஆம்” என்றால் அந்த மட்டையை நம்மிடம் கொண்டு வந்து காட்டுங்கள். ஏச மாட்டோம். டொக்டரிடம் கேட்டுச் சொல்லுவோம்.