அந்தமானுக்குக் குடிபோகும் தம்பதிகளே!

பெங்களூரை விட்டு, கணவனும் மனைவியுமாக அந்தமானுக்குக் குடிபோகிறீர்களா? ஸ்ரீ விஜயபுரம் (2024 வரை போர்ட் பிளேர்) நெய்தல் நிலம். அங்கே வாதம் குடியிருக்கும் என்பது சித்த மருத்துவக் கணக்கு. சுக்கு, மிளகு, பெருங்காயத்தைத் தாராளமாகச் சேருங்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3000 மி.மீ. மழை, எங்க பர்கூர்ப் பக்கம் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது! துணி காயாது. ஈரத்தோடு உடுத்தினால் தொடையிடுக்கில் படர்தாமரைதான். ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டும். துண்டைத் தனித்தனியாக வையுங்கள்.

முக்கியமானது காய்ச்சல். 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று ஒருகாலத்தில் பயந்தார்களே, அது எலிக்காய்ச்சல்தான் என்று பிறகு தெரிந்தது. எலியின் சிறுநீர் கலந்த சேறு, தேங்கிய தண்ணீரில் இருக்கும் கிருமி, காலில் உள்ள சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும். தோட்டத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால் நிலவேம்புக் குடிநீரை மட்டும் நம்பிப் படுத்துவிட வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஆரம்பத்திலேயே ஆன்டிபயாடிக் கொடுத்தால் கேட்கிற நோய் இது. மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீர் குறைந்தபின் போனால் உயிருக்கே ஆபத்து.

புது ஊர், பேச்சுத்துணை இல்லாத வீடு. மனைவி "ஒண்ணுமில்லே, அசதிதான்" என்பார். தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள்.