பந்தலில் முடிகிறது, அடுப்படியில்?

“அந்தக் காலத்துல ஆம்பளைக்கு வெளிவேலை, பொம்பளைக்கு வீட்டுவேலை” என்று நம் வகுப்பில் இளைஞர்கள் சொல்லும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பேன்: யார் வீட்டில்?

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் கதையே வேறு. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் கணவன், மனைவி இருவருமே விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். பாட்டி அதற்கும் முன்னால் எழுந்து சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனார். பாலை நிறுத்துக் கொடுத்துத் திரும்பினால் மறுபடியும் அடுப்பு. தாத்தாவைக் குறை சொல்லவும் மனமில்லை. விறகு பிளந்தது, மாடு பார்த்தது, காய்கறிக் கொல்லை போட்டது பெரும்பாலும் அவர்தானே!

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது விறகும் போனது, மாடும் போனது. அதாவது, ஆண்களின் பங்கு கரைந்துவிட்டது. சமையலும் துவைப்பதும் அப்படியே அம்மா கையில் நின்றன. 1970களில் சுங்கைவே போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் வந்த பிறகு, பல அம்மாக்களுக்கு ஷிப்ட் வேலையும் சேர்ந்துகொண்டது. இதைத்தான் நாம் ‘மரபு’ என்கிறோம்.

இன்றைய கணவர்கள் பரவாயில்லை. பாத்திரம் கழுவுகிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். ஆனால் “சொன்னா செய்யமாட்டேனா?” என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே! சொல்வதே பெரிய வேலை. கேஸ் எப்போது தீரும், பிள்ளையின் பள்ளிச் சட்டை காய்ந்ததா, மாமியாருக்கு கிளினிக் தேதி என்றைக்கு என்று நினைவில் சுமப்பது யார்?

இளைஞர்களால் முடியாது என்று நான் நம்பமாட்டேன். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தல் போடும் தம்பிகளைப் பாருங்கள். எத்தனை மூட்டை அரிசி, வெங்காயம் யார் உரிப்பது, மோர் எப்போது தீரும், எல்லாம் அவர்களுக்கே தெரியும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் உப்பு டப்பா எங்கே என்று கேட்கிறார்கள். திருமணத்தில் ஏழு அடி எடுத்து வைக்கிறோம். ஏழாவது அடி நட்புக்கு. நண்பனிடம் யாரும் ‘உனக்கு உதவி செய்தேன்’ என்று கணக்குக் காட்டுவதில்லை.

இந்த மாதப் பயிற்சி: வீட்டில் ஒரே ஒரு வேலையை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். சமையல் என்றால், என்ன சமைப்பது என்று யோசிப்பதிலிருந்து அடுப்பைத் துடைப்பது வரை. நடுவில் அம்மாவையோ மனைவியையோ எதுவும் கேட்கக்கூடாது. கல்யாணம் ஆகாதவர்களுக்கும் இது உண்டு.

இன்னொன்று. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2022 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டுவேலை செய்யும்போது அடிபட்டாலும் சொக்சோ பாதுகாப்பு உண்டு. ஆண்டுக்கு 120 வெள்ளி சந்தா. வேலைக்குப் போகும் மனைவியும் சேரலாம். அம்மாவுக்கு இன்னும் 55 வயது ஆகவில்லை என்றால், இந்த வாரமே அவர் பெயரைப் பதிந்துவிடுங்கள். சந்தாவை நீங்களே கட்டுங்கள்.