கருவிக்கு எழுதும் விளக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, ஒரு மொழி மாதிரி கேள்விக்கு விடை சொல்வதோடு நின்றுவிடாமல், கோப்பைத் திறப்பது, தரவுத்தளத்தில் தேடுவது, பணம் செலுத்துவது போன்ற வேலைகளை மென்பொருள் கருவிகளைக் கொண்டு தானே செய்து முடிக்கும்படி அமைக்கப்பட்ட ஏற்பாடாகும். 2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் மாதிரிகளுக்குக் கருவிகளை அழைக்கும் வசதியைத் தந்ததும், 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் எம்சிபி என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டதும் இவ்வழக்கத்தைப் பரவலாக்கின. ஆயினும், அக்கருவிகளுக்கு எழுதப்படும் விளக்கத்தைப் பற்றி நிரலாளரிடையே நிலவும் சில நம்பிக்கைகள் உண்மைக்குப் புறம்பானவை. அவற்றின் விளைவைச் சுமப்பவர் பெரும்பாலும் நிரலாளர் அல்லர், கருவியைப் பயன்படுத்தும் பொதுமக்களே.

நம்பிக்கை: மாதிரி அறிவு மிக்கது, கருவியின் பெயரைக் கொண்டே அதன் பயனை உணர்ந்துகொள்ளும்.

ஒரு கருவியைப் பற்றி மாதிரிக்குப் பொதுவாகத் தெரிவிக்கப்படுபவை மூன்று: அதன் பெயர், சில வரி விளக்கம், அதற்குத் தரவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல். கருவியின் உள்ளே இயங்கும் நிரல் அதன் பார்வைக்கு வருவதில்லை. ஆதலால் விளக்கத்தில் விடுபட்டதை மாதிரி ஊகத்தால் நிரப்புகிறது, அந்த ஊகம் பல வேளைகளில் பிழையென்ற தோற்றமே தராமல் பிழையாகிவிடுகிறது. ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற பணப் பரிமாற்றச் சேவைகள் தொகையை அந்தந்த நாணயத்தின் மிகச் சிறிய அலகில் கேட்கின்றன; 500 ரூபாய் என்பதை 50000 பைசா என்று அனுப்ப வேண்டும். இச்சேவைகளின் மேல் கட்டப்படும் ஒரு கருவி, ‘தொகை’ என்ற ஒற்றைச் சொல்லோடு நின்று, அது ரூபாயா பைசாவா என்று சொல்லாமல் விட்டால், 500 என்றே அனுப்பும் முகவர் ஐந்து ரூபாய்க்குக் கட்டணம் கேட்கும். எண் முறையானதாக இருப்பதால் கணினியும் தடுக்காது. தேதியும் அவ்வாறே. 03/04/2025 என்பது இந்தியாவில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் மார்ச் 4. ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என எழுதுமாறு ஓர் எடுத்துக்காட்டோடு குறிப்பிட்டால் இக்குழப்பம் எழ இடமில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த எழுத்தர் ஐயம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்டுத் தெளிவார். முகவருக்கு எழுதித் தரப்பட்ட விளக்கமே பக்கத்து மேசை.

நம்பிக்கை: விளக்கம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நல்லது.

மாதிரி ஒரே நேரத்தில் கவனத்தில் கொள்ளக்கூடிய உரைக்கு ஓர் எல்லை உண்டு. பல கருவிகளின் விளக்கங்களும் அவ்வெல்லைக்குள் இடம்பிடிக்கின்றன. மேலும், நீண்ட உரையின் தொடக்கத்திலும் இறுதியிலும் உள்ளவற்றைவிட நடுவில் உள்ளவற்றை மாதிரிகள் குறைவாகவே பயன்படுத்திக்கொள்கின்றன என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கருவியை எப்போது பயன்படுத்துவது, எப்போது கூடாது, அதையொத்த இன்னொரு கருவியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பவை இடம்பெற வேண்டும். கருவி உருவான வரலாறு வேண்டியதில்லை.

நம்பிக்கை: முகவர் தவறு செய்தால், விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தால் போதும்.

இந்த நம்பிக்கை மற்றவற்றைவிட ஆழமாக வேரூன்றியது. நிரல் எழுதும் முகவர் ஒன்றை உருவாக்கிய ஆந்த்ரோபிக் பொறியாளர்கள், அது வேறு கோப்புறைக்கு நகர்ந்தபின், இருக்கும் இடத்தை ஒட்டிக் குறிக்கப்படும் சார்புப் பாதைகளில் தடுமாறுவதைக் கண்டனர். அவர்கள் கருவியையே மாற்றி, தலைக் கோப்புறையிலிருந்து தொடங்கும் முழுப் பாதையை மட்டுமே ஏற்குமாறு செய்ததும் அத்தவறு நீங்கியதாக 2024 டிசம்பரில் பதிவு செய்தனர். தவறு செய்யவே வழியில்லாத கருவி, தவறு செய்யாதே என்று வேண்டும் விளக்கத்தைவிட மேலானது. பிழைச் செய்தியையும் இவ்வாறே நோக்க வேண்டும்; முகவர் அதை அடுத்த அடிக்கான வழிகாட்டியாகப் படிக்கிறது என்பதால் அதுவும் ஆவணத்தின் ஒரு பகுதியே. ‘பிழை 400’ என்னும் செய்தி முகவரை அதே தவறை மீண்டும் செய்ய வைக்கக்கூடும். ‘பயண நாள் கடந்துவிட்டது, இன்றோ அதற்குப் பின்னரோ உள்ள நாளைத் தருக’ என்பது அதைத் திருத்தும்.

நம்பிக்கை: ‘இக்கருவி எதையும் அழிக்காது’ என்று குறித்துவிட்டால் பாதுகாப்பு உறுதியாகிவிடும்.

எம்சிபி நெறிமுறையின் 2025 மார்ச் பதிப்பில், ஒரு கருவி படிப்பதற்கு மட்டுமா, தரவை அழிக்கக்கூடியதா என்று குறிக்க இடம் தரப்பட்டுள்ளது. ஆனால் அவை வெறும் குறிப்புகளே என்றும், கருவியை அளிக்கும் நம்பகமற்ற வழங்கியிலிருந்து (சர்வர்) வருபவற்றை நம்பி முடிவெடுக்கலாகாது என்றும் அந்நெறிமுறையே கூறுகிறது. தீய நோக்குடையவர் விளக்கத்துக்குள்ளேயே முகவருக்கான மறைமுகக் கட்டளைகளைப் புதைக்கவும் இயலும். ஆகவே, அழிக்கும் அதிகாரத்தை நிரலிலும் அனுமதி அமைப்பிலும் கட்டுப்படுத்துவது தவிர்க்க இயலாதது.

கருவியை உருவாக்குவோர் அதை வெளியிடும் முன், அதன் விளக்கத்தை மட்டும் ஒரு முகவரிடம் தந்து, மெய்யான பணிகள் சிலவற்றைச் செய்யவைத்து, அது தயங்கும் இடங்களையும் தவறாக ஊகிக்கும் இடங்களையும் கண்டு, விளக்கத்தையோ கருவியையோ திருத்துதல் வேண்டும்.