உடல்நோயாளரிடம் காணும் உளச்சோர்வு

காசநோய், நீரிழிவு, இதயநோய், புற்றுநோய் முதலியவற்றால் மருத்துவமனையில் தங்கியிருப்போரிடம் உளச்சோர்வு, உடல் நலமுற்றோரைக் காட்டிலும் மிகுதியாகக் காணப்படுகின்றது. ஆயினும், பெரும்பாலும் அது கண்டறியப்படாமலே போய்விடுகின்றது. ‘இத்தகைய நோய் வந்தால் யார்தாம் வருந்தமாட்டார்?’ என்று உறவினர் கருதுகின்றனர். மருத்துவரும் சில வேளைகளில் அவ்வாறே கருதிவிடுகின்றார். காரணம் விளங்குகின்றது என்பதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. கால் முறிந்த காரணம் தெரிந்துவிட்டமையால் அதற்குக் கட்டுப் போடாமல் விடுகின்றோமா?

இதனைப் புறக்கணிப்பதால் விளையும் கேடு பெரிது. காசநோய்க்குரிய வழக்கமான மருந்துகளை ஆறு மாதங்கள் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். ‘இனி என்ன பயன்?’ என்னும் எண்ணம் மேலிட்டவர் அவற்றை இடையில் நிறுத்திவிடக்கூடும். அதனால் நோய் மீள்வதுடன், கிருமிகள் மருந்தை எதிர்க்கும் ஆற்றலையும் பெறக்கூடும்.

கண்டறிதல்

தளர்ச்சி, உறக்கமின்மை, பசியின்மை, உடல் மெலிவு ஆகியவை உளச்சோர்வின் அறிகுறிகள். காசநோயிலும் இவை காணப்படும். ஆதலின் உடற்குறிகளை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது. இவ்விடர்ப்பாட்டைக் கருதியே, சிக்மண்ட், ஸ்னெய்த் என்னும் மருத்துவர் இருவர் 1983-இல் மருத்துவமனை நோயாளர்க்கென வகுத்த 14 வினாக்களில், உடற்குறிகளைப் பெரும்பாலும் விலக்கி உள்ளத்தின் நிலையையே வினவினர்.

செவிலியர் முதற்கண் இரண்டு வினாக்களைக் கேட்கலாம். கடந்த இரண்டு வாரங்களில் மனம் வாடி நம்பிக்கையிழந்து இருந்தீர்களா? எதிலும் நாட்டமோ மகிழ்ச்சியோ இன்றி இருந்தீர்களா? ‘பெரும்பாலான நாள்களில் ஆம்’ என்பது விடையாயின், மருத்துவர் விரிவாக ஆராய வேண்டும். இயல்பான துயருற்றவர், பேரக்குழந்தை வந்தால் சற்றேனும் முகம் மலர்கின்றார். உளச்சோர்வுற்றவர்க்கு அம்மலர்ச்சியும் அரிதாகின்றது. தம்மைப் பயனற்றவர் என்றும் குடும்பத்திற்குச் சுமை என்றும் அவர் எண்ணுகின்றார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று கனிவுடன் நேராகவே கேட்க வேண்டும். அவ்வாறு கேட்பது அவ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கும் என்பது தவறான அச்சமாகும்.

வேறு காரணங்களையும் ஆராய்தல் இன்றியமையாதது. தைராய்டுச் சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியன இதனையொத்த குறிகளைத் தரும். ஸ்டீராய்டு மருந்துகளும், மருந்தை எதிர்க்கும் காசநோய்க்குத் தரப்படும் சைக்ளோசெரினும் மனநிலையைப் பாதிக்கலாம். திடீரெனத் தோன்றி, ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் வரும் அறிவு மயக்கம் வேறொரு நிலை. அதற்கு உடனடியாகக் காரணம் தேட வேண்டும்.

சிகிச்சை

நோவைத் தணித்தல், நோயின் இயல்பை மறைக்காமல் எளிய சொற்களில் விளக்குதல், சிறுசிறு அன்றாடச் செயல்களில் ஈடுபடுத்தல் ஆகியன முதற்படி. இவற்றால் குறையாதபோது, பயிற்சி பெற்றோர் அளிக்கும் உரையாடல் சிகிச்சையும் மருந்துகளும் உதவும்.

உளச்சோர்வு மருந்துகளின் வரலாறே காசநோய் மருத்துவமனையில்தான் தொடங்கிற்று. 1952-இல் நியூயார்க் நகரின் சீ வியூ மருத்துவமனையில் இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தை உண்ட காசநோயாளர், வியக்கத்தக்க உற்சாகம் பெற்றனர். கல்லீரலுக்குத் தீங்கிழைத்தமையால் அம்மருந்து பின்னர்க் கைவிடப்பட்டது. இன்று செர்ட்ராலின் போன்ற தீங்கு குறைந்த மருந்துகள் உள்ளன. இவற்றின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம்; குணமடைந்த பின்னரும் ஆறு மாதங்களேனும் தொடர்தல் வேண்டும். லைனசோலிட் உண்ணும் காசநோயாளர்க்கும், குருதிக்கசிவு நேரக்கூடியவர்க்கும் இவற்றை மிக்க எச்சரிக்கையுடனேயே தரவேண்டும்.

வீடு திரும்பிய பின்னரும் கவனிப்பு குன்றலாகாது. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். வெப்பநிலையையும் நாடியையும் நாள்தோறும் குறிக்கும் செவிலியர், நோயாளியின் மனநிலையையும் அதே ஏட்டில் குறிப்பாராயின், பல உயிர்கள் காக்கப்படும்.